வந்து சேர்ந்ததும் வந்து தொலைந்ததும்

டர்ன் அப், க்ராப் அப், பாப் அப், ஷோ அப், ஸ்ப்ரிங் அப். ஒன்பதாம் வகுப்பில் இந்த ஐந்தையும் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, வலப்பக்கம் பெரிய அடைப்புக்குறி ஒன்றை இழுத்து, அதற்கு எதிரே ‘தோன்று’ என்று ஒரே பொருளாக எழுதிப் போட்டார் எங்கள் ஆசிரியர். தேர்வுக்கு அது போதும். பின்னாளில் திண்டிவனம் வட்டாரப் பள்ளிகளில் நானே ஆங்கிலம் நடத்தியபோது, அந்த அடைப்புக்குறியைப் பிரித்துக் காட்டுவதே என் வேலையாக இருந்தது. பிரிப்பதற்கு அகராதியைக் காட்டிலும் எங்கள் ஊர் பெருமுக்கல்தான் அதிகம் கைகொடுத்தது.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில் வந்தால், தட்டையான நிலத்துக்கு நடுவே கருங்கல்லாய் ஒரு மலை நிற்கும். அதுதான் பெருமுக்கல். உச்சியில் சிவன் கோவில், இடிந்த கோட்டைச் சுவர், பாறையில் கீறிய பழங்கால உருவங்கள் உள்ள ஒரு குகை. அந்தக் குகையைச் சீதையோடு சேர்த்துத்தான் ஊரில் கதை சொல்வார்கள். மலையைச் சுற்றி ஏரி, கழனி, கொல்லை. கொல்லை என்றால் எங்கள் பக்கம் மேட்டு நிலம். அதில் மல்லாட்டை. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள், கடலைக்காய் என்பார்கள்; தென்னார்க்காட்டில் அது மணிலாக்கொட்டை, வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை.

அதன் பிழைப்பே விசித்திரம். மஞ்சளாகப் பூப்பது செடிமேல். பூ வாடியதும் காம்புபோல ஒன்று கீழ்நோக்கி வளர்ந்து மண்ணுக்குள் இறங்கும். விழுது இறங்குகிறது என்பார்கள். காய் பிடிப்பது இருட்டில். பிடுங்குகிற நாளில் நிலம் இளகியிருந்தால் செடியோடு கொத்தாய் வரும். இறுகியிருந்தால் காம்பு அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். பிறகு ஏர் ஓட்டும்போது கொழு மண்ணைப் புரட்டப் புரட்ட, தங்கிப்போன காய்கள் மேலே வந்து விழும். ஏருக்குப் பின்னால் பிள்ளைகள் நாங்கள் கூடையோடு நடப்போம். மண் அப்பிய காய் மண்கட்டியின் நிறத்திலேயே இருக்கும். முதல் சாலில் ஒன்றும் தெரியாது. கண் பழகியபின் காய் மட்டும்தான் தெரியும். ஈரக் காயைக் கையில் எடுத்தால் ஓட்டின் வரிப்பள்ளங்களில் செம்மண் நிரம்பியிருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் நுனி பிளந்து பால் பிடித்த பருப்பின் வாசம் வரும். பொறுக்கியது பொறுக்கியவருக்கு. அதுதான் ஊர் வழக்கம்.

டர்ன் அப் என்பது இதுதான். டர்ன் என்றால் திருப்பு, புரட்டு. மண்ணைப் புரட்டினால் உள்ளே கிடந்தது மேலே வருகிறது. தொலைந்த சாவி, வருவானோ மாட்டானோ என்று விட்டுவிட்ட ஆள், கை நழுவியது என்று நினைத்த வேலை, எல்லாம் ஆங்கிலத்தில் டர்ன் அப் ஆகும். டிக்கன்ஸ் 1850இல் முடித்த ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’ நாவலில் மிக்காபர் என்று ஒருவர் வருவார். கடன் கழுத்தை நெரிக்கும்போதும், ஏதாவது ஒரு வழி பிறந்துவிடும் என்றே காத்திருப்பவர். அவர் நம்பி உட்கார்ந்திருக்கும் வினை இதுதான். பிள்ளைகளுக்கு மிக்காபரைச் சொல்வதற்கு முன்னால் கொல்லையைச் சொல்வேன். இந்த வினையை மிக்காபர் மறந்தாலும் மல்லாட்டை பொறுக்கியவன் மறக்க மாட்டான்.

திண்டிவனத்தில் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நாடெங்கும் விதைத்த மல்லாட்டை ரகங்களின் பெயரில் இருக்கும் அந்த மூன்று எழுத்து திண்டிவனம்தான். எங்கள் வட்டாரத்துப் பெயர் வெளியூர் விதை மூட்டையில் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி இன்னும் மனசில் இருக்கிறது.

க்ராப் அப் வேறு மாதிரி. பயிர் என்று பொருள்படும் அதே க்ராப்தான். ஆனால் இந்த இடத்தில் அது கழனியிலிருந்து வரவில்லை, சுரங்கத்திலிருந்து வந்தது. நிலத்தடியில் ஓடும் பாறையோ நிலக்கரி அடுக்கோ ஓரிடத்தில் தானாகவே மேலே தலைநீட்டுவதைச் சுரங்கத் தொழிலாளிகள் அப்படிச் சொன்னார்கள். யாரும் ஏர் ஓட்டவில்லை, யாரும் தேடவில்லை. அது பாட்டுக்குக் கிளம்பியிருக்கும். இதைச் சொல்லிக்கொடுக்கப் பெருமுக்கல்லைவிடத் தோதான ஊர் ஏது? வகுப்பு ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் போதும். தரைக்குக் கீழே எங்கெங்கோ பரவியிருக்கும் கல், இங்கே வெளியே வந்து நிற்கிறது. கீழே நாம் கிணறு வெட்டும்போது முட்டுகிற பாறையும் மேலே கோவில் நிற்கிற பாறையும் உறவு. அதனால்தான் வேலைக்கு நடுவே கிளம்பும் சிக்கலுக்கும், பேச்சுக்கு நடுவே அடிபடும் பெயருக்கும் க்ராப் அப் பொருந்துகிறது. அடியில் இருந்துகொண்டே இருந்தது. இப்போது இந்த இடத்தில் மேலே வருகிறது.

இதே க்ராப் அப்பைக் காட்ட, மயிலம் தாண்டித் திருவக்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போயிருக்கிறேன். அங்கே மணற்கல் நிலத்தில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. சுமார் 2 கோடி ஆண்டுப் பழசு. மழை மண்ணை அரிக்க அரிக்க அடிமரங்கள் வெளிப்பட்டிருக்கின்றன. பிரெஞ்சுக்காரர் சொன்னெரா 1781இல் அவற்றைப் பற்றி எழுதினார். ஒரு பையன் கல்மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, “மரம் மாதிரியே ரேகை ஓடுது, ஆனா அம்மிக்கல்லு கணக்கா சத்தம் வருது சார்” என்றான்.

பெருமுக்கல்லின் பெயரும் இப்படித்தான் எதிர்பாராத புத்தகங்களில் அடிபடும். ஆங்கிலேயர் எழுதிய கர்நாடகப் போர் வரலாறுகளில் அது ‘பெர்மாகோயில்’. 1760 ஜனவரியில் வந்தவாசியில் பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்த ஆங்கிலேயத் தளபதி அயர் கூட், அடுத்து ஒவ்வொரு கோட்டையாகப் பிடித்துக்கொண்டே புதுச்சேரிப் பக்கம் இறங்கினார். அந்த வழியில் பெருமுக்கல் கோட்டையும் விழுந்தது. கடலோரத்தில் ஆலம்பரையும் விழுந்தது. பிறகு மாதக்கணக்கில் முற்றுகை. 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. நகரத்தையும் கோட்டையையும் இடித்துத் தள்ளினார்கள். இந்தச் சண்டைக்கு ஐந்தாண்டு முன்னால், 1755இல் லண்டனில் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினையோடு சின்னச் சொல்லை ஒட்டிப் பொருளை மாற்றும் இந்த வழக்கம்தான் அயல்நாட்டாருக்குப் பெரிய கஷ்டம் என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். இதற்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயர் பரவியதோ 1925இல், லோகன் பியர்சால் ஸ்மித்தின் புத்தகம் வந்த பிறகு. மலைமேல் ஏறிய கூட்டின் சிப்பாய்கள் பெயர் தெரியாமலே அந்த வினைகளைப் பேசிக்கொண்டுதான் ஏறியிருப்பார்கள்.

புதுச்சேரி வீழ்ந்ததால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர் சண்டைக்கே சம்பந்தமில்லாத மனிதர். கியோம் லெ ஜென்டில், பிரெஞ்சு வானியலாளர். வெள்ளிக் கோள் சூரியனின் முகத்தைக் குறுக்கே கடக்கும் காட்சி 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்தது. பூமியின் பல மூலைகளிலிருந்து அதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம். அதற்காக 1760 மார்ச்சில் பிரான்சிலிருந்து கப்பல் ஏறினார். போகவேண்டிய இடம் புதுச்சேரி. மொரிசியஸ் வழியாக இந்தியக் கரையை நெருங்கியபோதுதான் நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்ட செய்தி எட்டியது. கப்பல் திரும்பிவிட்டது. குறித்த நாளில் வானம் தெளிவாகத்தான் இருந்தது. அவர் நடுக்கடலில் ஆடுகிற தளத்தில் நின்று வெள்ளியைப் பார்த்தார். ஆடுகிற தளத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது.

வெள்ளி இப்படிக் கடப்பது எட்டாண்டு இடைவெளியில் இரண்டு முறை வரும். பிறகு நூறாண்டுக்கு மேல் வராது. ஊருக்குத் திரும்பாமல் அடுத்த முறைக்காக இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிட்டார் லெ ஜென்டில். 1766இல் மணிலாவுக்குப் போனார், அங்கிருந்து பார்ப்பதாக முடிவு செய்து. ஸ்பெயின் ஆளுநர் அவரைச் சந்தேகப்பட்டார். பாரிஸ் அறிவியல் கழகமும் புதுச்சேரியையே விரும்பியது. 1768 மார்ச்சில் ஒருவழியாகப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். நகரம் அதற்குள் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்திருந்தது. இடிந்த கோட்டையின் மேல் ஆய்வகம் கட்டிக்கொண்டார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்களே தொலைநோக்கி கொடுத்து உதவினார்கள்.

1769 ஜூன் 4. சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் இருந்தாக வேண்டும். மே மாதம் முழுக்கக் காலை வானம் பளிச்சென்று இருந்திருக்கிறது. அன்றைக்கு விடியலில் மேகம் வந்து மூடியது. வெள்ளி கடந்து முடிந்தது. கொஞ்ச நேரத்தில் வானம் வெளுத்து, பகல் முழுக்க வெயில் அடித்தது. பேனாவைப் பிடிக்கக்கூட முடியாமல் பல நாள் கிடந்ததாக அவரே எழுதியிருக்கிறார். மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது.

மல்லாட்டையின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிற அதே மணிலா. தென்னமெரிக்காவில் பிறந்த பயிர் பிலிப்பைன்ஸ் வழியாகக் கிழக்கே வந்ததால் தமிழில் அந்த ஊர்ப் பெயரோடு நிலைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எங்கள் மாவட்டத்துக் கொல்லைகளில் விளைந்தது புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சுக்குக் கப்பல் ஏறியது. மணிலாவை விட்டுப் புதுச்சேரிக்கு வந்து ஏமாந்தவரை நினைக்கும்போதெல்லாம், அதே மணிலாவின் பெயரோடு அதே புதுச்சேரியிலிருந்து போன மூட்டைகளும் எனக்கு நினைவுக்கு வந்துவிடும். ஒன்றுக்கொன்று தொடர்பு கிடையாது. ஆனாலும் என் மனசில் இரண்டும் சேர்ந்தேதான் கிளம்பும்.

லெ ஜென்டிலின் கதை அதோடு முடியவில்லை. 1771 அக்டோபரில் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தபோது பதினொரு ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது. அவர் செத்துவிட்டார் என்று வாரிசுகள் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. கண்முன் வந்து நின்றார் லெ ஜென்டில். பாடம் நடத்தும்போது இந்த ஒரு மனிதரை வைத்தே மூன்று வினைகளைச் சொல்லிவிடலாம். குறித்த நாளில் வரவேண்டிய வெள்ளி வந்தது. அது ஷோ அப். காத்திருந்தவர் எதிர்பாராமல் மேகம் கிளம்பியது. அதற்கு ப்ளோ அப் என்பார்கள், காற்றோடு கிளம்பும் மழைக்கும் புயலுக்கும் உள்ள வினை. இறந்தவராகக் கணக்கெழுதப்பட்டவர் உயிரோடு வந்தார். அது டர்ன் அப். ‘வந்தது’ என்ற பொருளில் பெரிய வித்தியாசம் இல்லை. யார் காத்திருந்தார்கள், எப்படிக் காத்திருந்தார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

அவர் புதுச்சேரியில் இருந்தபோது தமிழ்க் கணியர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். ஏடும் எழுத்தும் இல்லாமல், சோழிகளைத் தரையில் வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைச் சொல்லிக்கொண்டே கணக்கிடும் முறை. சந்திர கிரகணத்தைச் சில நிமிட வேறுபாட்டுக்குள் சொல்லிவிடும் துல்லியத்தைக் கண்டு வியந்து பதிவு செய்திருக்கிறார். சோழிகளை நகர்த்திய அந்தக் கை யாருடையது என்று அறிய எனக்குத் தீராத ஆசை.

2004 ஜூன் 8 அன்று வெள்ளி மறுபடி சூரியனைக் கடந்தது. பள்ளி திறந்த புதிது. கிரகணக் கண்ணாடியை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பிள்ளைகளைப் பார்க்க வைத்தோம். காலை பத்தே முக்கால் வாக்கில் ஓரத்தில் கறுப்புப் புள்ளியாய் வந்தது, மாலை ஐந்து மணிக்குச் சற்று முன் விலகியது. 2012இலும் வந்தது. இனி 2117.

லெ ஜென்டிலை வைத்து அந்த மூன்று வினைகளையும் சொல்லி முடித்த இடத்தில்தான் நான் தமிழுக்குத் திரும்புவேன். ஆங்கிலம் வினைக்குப் பின்னால் ஒரு சின்னச் சொல்லை வைத்துச் செய்கிற வேலையை, தமிழ் வினைக்குப் பின்னால் இன்னொரு வினையை வைத்துச் செய்கிறது. வந்தான் என்பது வெறும் செய்தி. வந்து சேர்ந்தான் என்றால் வீட்டில் யாரோ வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். வந்து நின்றான் என்றால் யாரும் அழைக்கவில்லை, பதில் சொல்லியாக வேண்டும். வந்து தொலைந்தான் என்றால் சொல்பவர் முகம் சுளிப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வந்து வாய்த்தான் என்று மருமகனைப் பற்றி எங்கள் ஆயா சொன்னால் அது வாழ்த்தா வருத்தமா என்பதைக் குரலை வைத்துத்தான் முடிவு செய்யவேண்டும். தாமஸ் லேமன் எழுதி, புதுவை மொழியியல் பண்பாட்டு ஆராய்ச்சி நிறுவனம் 1989இல் வெளியிட்ட இக்காலத் தமிழ் இலக்கண நூல் இந்தத் துணைவினைகளுக்கு நிறைய இடம் கொடுத்திருக்கிறது. ஆயா அதில் ஒரு வரி படித்ததில்லை. அவரிடம் ஒரு துணைவினைகூடத் தப்பியதும் இல்லை.

அதனால் வகுப்பில் ‘தோன்று’ என்று மட்டும் எழுதிப் போடுவதை நான் எதிர்க்கிறேன். அது பொருளில் தப்பில்லாத சொல்தான். ஆனால் யாரும் வீட்டில் அப்படிப் பேசுவதில்லை. “புதுசா ஒரு பிரச்சன கெளம்பியிருக்கு”, “அவன் பேரு அடிபடுது”, “கல்யாணத்துக்கு வந்து தலையக் காட்டிட்டுப் போனான்”, “எங்கேர்ந்துடா மொளச்ச?” இவ்வளவும் வாயிலேயே இருக்கிற பிள்ளைக்கு ஐந்து ஆங்கில வினைகளை ஒரே சொல்லில் அடைத்துக் கொடுப்பது அநியாயம். க்ராப் அப்புக்கு நேரே கிளம்பு, அடிபடு; ஷோ அப்புக்கு நேரே தலைகாட்டு, வந்து சேர்; டர்ன் அப்புக்கு அகப்படு, வந்து நில். இப்படி வைத்துப் பார்த்தால் பிள்ளைகளே மீதியைப் பிரித்துவிடுவார்கள். அடி மண்ணிலிருந்து மேலே வருவதாகவே இரண்டு மொழியும் இதை நினைத்திருக்கின்றன. முளைப்பதும் கிளம்புவதும் தலைதூக்குவதும் மேல்நோக்கிய வினைகள். அங்கேயும் ஐந்துக்கும் வால் ‘அப்’தான்.

பாப் அப்புக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. டப்பென்று எட்டிப் பார்க்கிற எதுவும் அது. இன்றைக்கு எந்தக் கைபேசித் திரையும் காட்டிவிடும். ஸ்ப்ரிங் அப் கூட்டமாகக் கிளம்புவது. மழைக்கு மறுநாள் புற்றிலிருந்து ஈசல் புறப்படுவதும், காளான் முளைப்பதும் ஏற்கனவே தமிழில் அந்த வேலையைச் செய்கின்றன. எங்கள் பக்கத்தில் இப்போது அதற்கு வேறு உதாரணமும் உண்டு. நாலுவழிச் சாலை வந்தபின் மல்லாட்டை விளைந்த கொல்லைகளில் மஞ்சளும் வெள்ளையும் அடித்த மனைக்கற்கள். ஒரு கோடை விடுமுறையில் போய்வந்த பாதை அடுத்த விடுமுறையில் ஏதோ ஒரு நகர், ஏதோ ஓர் அவென்யூ. ஒரு பக்கம் மலைகளைக் கல்லுக்காக அறுக்கிறார்கள். அறுபட்ட கல் இந்த மனைகளுக்கே ஜல்லியாகப் போகிறது. இதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை. நிலத்திலிருந்து தானாக மேலே வந்ததை வெட்டி, நிலத்திலிருந்து மேலே வருவதற்கு வழியில்லாமல் மூடுகிறோம்.

கழுவெளி மட்டும் இன்னும் ஆறுதல். மரக்காணத்துக்குப் பக்கத்தில் கடல்நீரும் மழைநீரும் கலக்கும் பெரிய நீர்ப்பரப்பு; 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு பூநாரைகள் வரும். எத்தனை மாதம் கழித்து வந்தாலும் அவற்றுக்கு ஷோ அப்தான், ஏனென்றால் கரையில் நிற்கிறவர்கள் எதிர்பார்த்துத்தான் நிற்கிறார்கள்.

ஓய்வுக்குப் பிறகும் சாயங்காலம் சில பிள்ளைகள் வீட்டுக்கு வருகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்றுகொண்டு கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர். ஏரி, வாய்க்கால், சாலை எதற்கும் எல்லை தெரியவில்லை. அந்த வாரம் பாடம் நடக்கவில்லை. பிறகு வந்தபோது, நடந்ததையே எழுதச் சொன்னேன். ‘புயல் டர்ன்ட் அப்’ என்று எழுதியிருந்தான் ஒரு பையன். வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் நாள் குறித்துச் சொல்லிவிட்டு வந்த புயலுக்கு அது பொருந்துமா என்று எல்லாரையும் கேட்டேன். புயலுக்குப் பொருந்தாது, ஆனால் இவ்வளவு தண்ணி வரும் என்று யாருக்கும் தெரியாதே என்று வாதம் கிளம்பியது.

அதுவரை பேசாமல் இருந்த பத்தாம் வகுப்புப் பெண் நோட்டை நீட்டினாள். வெள்ளத்தில் அவர்கள் வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய்விட்டது, கிடைக்காது என்று விட்டுவிட்டார்கள், தண்ணீர் வடிந்தபின் பக்கத்து ஊர் ஏரிக்கரையில் நின்றிருந்தது.

“மாட்டுக்கு டர்ன்ட் அப் சரிதானே சார்?”

“சரிதாம்மா.”

“தண்ணி வந்து தொலஞ்சது. அதுக்கு இங்கிலீஷ்ல இன்னா சார்?”

வந்தது என்பதற்கு உண்டு, தொலைந்தது என்பதற்கு உள்ள கோபத்தை அங்கே வேறு சொல் போட்டுத்தான் எழுதவேண்டும் என்றேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, வாக்கியத்தின் பாதியை ஆங்கிலத்தில் வைத்துக்கொண்டு மீதியைத் தமிழிலேயே எழுதினாள். நான் அதற்கு முழு மதிப்பெண் போட்டேன். மாடு இப்போது சினையாக இருக்கிறதாம்.